அவமதிப்பு நோட்டீஸ் வந்தால் தெலுக் இந்தான் கோர்ட்டில் என்ன நடக்கும்? தோட்ட வீடு, தவணைக் கடன், கைப்பேசிப் படம்

செம்பனைக்காடு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்ட மக்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது, கோர்ட் கவுண்டர் வரைக்கும் துணைக்குப் போவது என்று நாங்கள் சிலர் உதவி செய்கிறோம். கொஞ்ச நாளாக "அவமதிப்பு கேஸ் ஆயிடுச்சு, ஜெயிலாமே" என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் அதிகம். தாள்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகை தெரிகிறது.

முதல் வகை: வழக்கு நடக்கும்போது உள்ளே உட்கார்ந்து கைப்பேசியில் படம் பிடித்தவர், அல்லது சாட்சி பேசும்போது எழுந்து கத்தியவர். மாஜிஸ்திரேட் அவரை நிறுத்தி, "மத்தியானம் இரண்டரைக்கு என் முன்னால் வா" என்று சொல்லிவிடுகிறார்.

இரண்டாவது: வேலை ஓய்வுக்குப் பிறகு தோட்ட வீட்டைக் காலி செய்யும்படி ஆணை வாங்கியிருக்கிறார்கள். குடும்பம் இன்னும் லயத்திலேயே இருக்கிறது. "காலி பண்ணலன்னா கோர்ட்டை அவமதிச்ச குத்தம்" என்று ஆபீசில் மிரட்டியதாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது: கடன் வழக்கில் மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சொன்ன ஆணை. இரண்டு மாதம் தவறியதும் "துஞ்சோக் செபாப்" (காரணம் காட்டு) என்று தலைப்புப் போட்ட தாள் வந்துவிட்டது.

இந்த மூன்றும் அவமதிப்புதானா? தண்டனை எவ்வளவு வரும்? போய் நின்றால் என்ன சொல்ல வேண்டும், லாயர் இல்லாமல் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் பொதுவாக இல்லாமல், தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழைய ஜூருபஹாசா

தம்பி, முதல் வகையை நான் எடுத்துக்கொள்கிறேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பு செய்கிறவர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

நீதிபதியின் கண்ணெதிரே நடப்பதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. 2012ஆம் ஆண்டு கோர்ட் விதிகளில் ஆர்டர் 52, விதி 2ஏ. இதற்கு நோட்டீஸ் எழுதி அனுப்பத் தேவையில்லை. ஆனால் கோர்ட் மூன்று காரியம் செய்தாக வேண்டும். என்ன குற்றம் என்று அந்த ஆளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், நடந்ததை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அதே விதியில்தான் அன்றைக்கே ஒரு நேரம் குறித்து, "வந்து உன் குற்றத்தைக் கழுவிக்கொள்" என்று சொல்லும் அதிகாரமும் இருக்கிறது. நீங்கள் சொன்ன மத்தியானம் இரண்டரை அதுதான். அதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். உண்மையில் அது கதவைத் திறந்து வைப்பது. நிபந்தனை இல்லாமல் மன்னிப்புக் கேட்டு, நடந்தது பெரிய விஷயமும் இல்லை என்று கோர்ட் நினைத்தால், மேல் நடவடிக்கை இல்லாமல் அனுப்பிவிடலாம். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றால் தண்டனை விதிக்க வேண்டியதுதான்.

காரியம் கெடுவது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட நேரத்தில். ஆள் வெளியே போய் கடையில் உட்காருகிறார், நாலு பேர் ஏற்றிவிடுகிறார்கள், திரும்பி வரும்போது முகம் மாறியிருக்கிறது. வராமலே போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வாரண்ட்தான், அதற்குப் பிறகு கேட்கிற மன்னிப்புக்கு மதிப்புக் குறைவு.

மன்னிப்பு கேட்கும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "மன்னிச்சிடுங்க, ஆனா அந்த சாட்சி பொய் சொன்னான்" என்றால் அது மன்னிப்பு ஆகாது. "ஆனா" வந்த இடத்தில் நிபந்தனை வந்துவிட்டது. "யாராவது மனசு புண்பட்டிருந்தா" என்பதும் அப்படித்தான், செய்ததை ஒத்துக்கொள்ளாமல் நழுவுகிற பேச்சு. செய்த காரியத்தைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும்: "துவான், நான் கோர்ட் நடக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்தேன். அது தப்பு. நிபந்தனை இல்லாமல் கோர்ட்டிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் செய்ய மாட்டேன்." இவ்வளவு போதும். மலாயில் சொல்வதானால் "மொஹோன் மாஃப் தன்பா ஷாரத்". மலாய் தடுமாறினால் தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். மன்னிப்பை கோர்ட்டிடம் கேட்க வேண்டும். எதிர்த்தரப்பைப் பார்த்துத் திரும்பி நின்று கும்பிடுவது இந்த இடத்துக்குப் பொருந்தாது.

மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதியை "துவான்" அல்லது "புவான்" என்றால் சரி. "யாங் ஆரிஃப்" உயர் நீதிமன்ற நீதிபதிக்கு. மாற்றிச் சொன்னால் யாரும் தண்டிக்கப்போவதில்லை, ஆனாலும் தெரிந்து போவது நல்லது. கூப்பிட்டதும் எழுந்து நிற்க வேண்டும், கை பாக்கெட்டில் இருக்கக் கூடாது, பின்னால் இருந்து சொந்தக்காரர் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. தமிழில் முணுமுணுத்தால் யாருக்குப் புரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்குப் புரியும். "என்ன சொன்னார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டால், சொன்னதைச் சொன்னபடி மலாயில் சொல்வது அவர் கடமை. வசவை மென்மையாக்கிக் காப்பாற்ற அவருக்கு உரிமை கிடையாது. பல கோர்ட்டுகளில் ஒலி-ஒளிப் பதிவும் ஓடிக்கொண்டிருக்கும்.

படம் எடுத்தவர் பதற்றத்தில் கைப்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். மறைத்த மாதிரி ஆகிவிடும். கோர்ட் அழிக்கச் சொன்னால் அங்கேயே, அவர்கள் பார்க்க அழிக்கலாம்.

---

வக்கீல் வீட்டுத் திண்ணை

ஐயா சொன்னதற்குத் தண்டனை எண்களைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மிரட்டல் எல்லாம் எண் தெரியாததால் எடுபடுகிறது.

உயர் நீதிமன்றத்துக்கும் அதற்கு மேலே உள்ளவற்றுக்கும் அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரம் அரசியலமைப்புச் சட்டம் 126ஆவது பிரிவிலிருந்தும், 1964 கோர்ட்ஸ் ஆஃப் ஜுடிகேச்சர் சட்டம் 13ஆவது பிரிவிலிருந்தும் வருகிறது. அங்கே உச்ச வரம்பு எழுதி வைக்கவில்லை. உங்கள் ஊர் கோர்ட்டுகள் கீழமை நீதிமன்றங்கள், அவற்றின் அதிகாரம் 1948 சபோர்டினேட் கோர்ட்ஸ் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, 26ஆவது பத்தியில் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. செஷன்ஸ் கோர்ட் என்றால் 300 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 வாரம் வரை சிறை. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் என்றால் 150 வெள்ளி அல்லது 3 வாரம். பணத்தைப் பார்த்தால் இன்றைக்கு ஒன்றும் இல்லை. மூன்று வாரச் சிறை அப்படியல்ல, தோட்டத்தில் வேலையே போய்விடும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 353ஆவது பிரிவு என்று ஒரு வழியும் உண்டு. கோர்ட்டின் கண்முன்னே ஆவணம் தர மறுப்பது, உறுதிமொழி எடுக்க மறுப்பது, கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பது, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுப்பது, உட்கார்ந்திருக்கும் நீதிபதியை வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது இடைமறிப்பது ஆகிய குற்றங்களுக்கு அது பொருந்தும். அந்த ஆளை நிறுத்தி வைத்து, அன்றைக்குக் கோர்ட் கலைவதற்கு முன் விசாரித்து முடிக்கலாம். இந்த வழியில் போனால் நடந்தது என்ன, அவர் என்ன சொன்னார், தீர்ப்பு என்ன என்று எழுதி வைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டாலோ, சொன்னபடி செய்ய ஒத்துக்கொண்டாலோ தண்டனையை விட்டுவிட 356ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் பதில் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு இது முக்கியம். பதில் சொன்னால் அநேகமாக அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது தோட்ட வீடு. இதில்தான் அதிகக் குழப்பம், அதிகப் பொய்யும்.

காலி செய்யச் சொன்ன தீர்ப்பை நிறைவேற்ற வழக்கமான வழி ரிட் ஆஃப் பொசெஷன். பெய்லிஃப் என்ற கோர்ட் அதிகாரி வந்து குடியிருப்பவரை வெளியேற்றி வீட்டை உரியவரிடம் ஒப்படைப்பார். அதை எடுக்கவும் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அனுமதி தருவதற்கு முன், உள்ளே உண்மையாகக் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் வழக்கு பற்றிப் போதுமான தகவல் கிடைத்ததா என்று கோர்ட் பார்க்க வேண்டும். ஆக அப்பா பெயரில் மட்டும் வழக்குப் போட்டு, உள்ளே மகனும் மருமகளும் தனியாகச் சமைத்துக் குடியிருந்தால், அவர்களுக்கும் சொல்லப்பட்டதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. இந்த வழியில் யாரும் சிறைக்குப் போவதில்லை.

சிறைக்கு அனுப்பக் கேட்பது வேறு வழி, அதே கோர்ட் விதிகளில் ஆர்டர் 45ம் 52ம் சேர்ந்தது. அதற்குப் படிகள் உண்டு, ஒவ்வொரு படியிலும் மனு விழலாம்.

ஆணையில் காலக்கெடு இருக்க வேண்டும். "காலி செய்ய வேண்டும்" என்று மட்டும் இருந்தால், எப்போதைக்குள் என்று இல்லாதபோது, மீறிய நாள் எது? முதலில் கோர்ட்டுக்குத் திரும்பிப் போய் நாள் குறிக்கும் ஆணை வாங்க வேண்டும். பிறகு அந்த ஆணையின் பிரதியைச் சம்பந்தப்பட்டவர் கையில் நேராகக் கொடுக்க வேண்டும், அதுவும் கெடு முடிவதற்குள். பிரதியில் எச்சரிக்கைக் குறிப்பு இருக்க வேண்டும்: பெயர் குறிப்பிட்ட நீங்கள் இந்த ஆணைக்குக் குறித்த காலத்துக்குள் கீழ்ப்படியாவிட்டால், கீழ்ப்படிய வைக்கும் நடவடிக்கைக்கு ஆளாவீர்கள் என்ற பொருளில். லாயர்கள் இதைப் பீனல் நோட்டீஸ் என்பார்கள்.

தாள் கொண்டு வருகிறவரிடம் மூன்று தேதி கேளுங்கள். ஆணை என்றைக்கு, கெடு என்றைக்கு, கையில் தந்தது என்றைக்கு? ஆணை மார்ச் 3, கெடு ஏப்ரல் 2, கையில் கிடைத்தது ஏப்ரல் 10 என்றால் அவமதிப்பு மனு நிற்பது கஷ்டம். வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போனது, கிராணியிடம் கொடுத்து அனுப்பியது, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கி வைத்தது எல்லாம் நேரில் கொடுத்ததாகாது. மாற்று முறையில் சேர்ப்பிக்கத் தனி ஆணை வாங்கியிருந்தால் கதை வேறு. கோர்ட் சேர்ப்பித்தலை விலக்கித் தரவும் முடியும், அதனால் "எனக்குக் கிடைக்கவே இல்லை" என்பதை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

ஒரு வித்தியாசம். "செய்யாதே" என்ற ஆணைக்கு விதி தளர்வு. வேலி போடாதே, மரம் வெட்டாதே, அந்த அம்மா வீட்டுப் பக்கம் போகாதே என்ற ஆணையை அறிவிக்கும்போது நீங்கள் கோர்ட்டிலேயே நின்றிருந்தால், அல்லது தொலைபேசியில் சொல்லியிருந்தால், தாள் கையில் வரவில்லை என்ற வாதம் எடுபடாது. செஷன்ஸ் கோர்ட்டுக்கு இப்படித் தடை ஆணை போடும் அதிகாரம் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் கிடைத்தது. "கீழ் கோர்ட் தடை போட முடியாது" என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டு மீறிவிடாதீர்கள்.

---

செம்பனைக்காடு

ரொம்ப நன்றி ஐயா, நன்றி வக்கீல் அண்ணே. இரண்டு கேள்வி. அவமதிப்பு மனு போட்டே விட்டார்கள் என்றால் அடுத்து என்ன வரிசையில் நடக்கும்? இன்னொன்று, பதில் அஃபிடவிட் (சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலம்) போட வேண்டியவருக்கு மலாய் வாசிக்க வராது, தமிழும் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான்.

---

வக்கீல் வீட்டுத் திண்ணை

முதலில் எதிர்த்தரப்பு உங்களுக்குச் சொல்லாமலே கோர்ட்டுக்குப் போய் அனுமதி கேட்கும். அதற்கு ஒரு ஸ்டேட்மென்ட் போட வேண்டும்: மனுதாரர் யார், யாரைச் சிறைக்கு அனுப்பக் கேட்கிறார், அவர் விலாசம், என்ன காரணம். அந்த விவரங்களை உறுதிப்படுத்தும் அஃபிடவிட்டும் கூட வர வேண்டும். அனுமதி கிடைத்த 14 நாளுக்குள் அசல் மனுவைப் போடாவிட்டால் அனுமதி காலாவதி. மனு, ஸ்டேட்மென்ட், அஃபிடவிட் மூன்றும் நேரில் கையில் தரப்பட வேண்டும், தந்த நாளுக்கும் விசாரணை நாளுக்கும் நடுவில் முழுதாக 8 நாள் இருக்க வேண்டும்.

விசாரணையில் அவர்கள் ஸ்டேட்மென்டில் எழுதிய காரணத்தை விட்டு வெளியே போக முடியாது, கோர்ட் விட்டால் ஒழிய. எழுதியது "வீட்டைக் காலி செய்யவில்லை" என்றால், அங்கே வந்து "மேனேஜரைத் திட்டினார்" என்று சேர்க்க முடியாது. ஆளைச் சிறைக்கு அனுப்பும் காரியம் என்பதால் சிவில் வழக்காக இருந்தாலும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். உங்கள் ஆள் வாய்மொழியாகச் சாட்சி சொல்ல விரும்பினால் அந்த உரிமை அவருக்கு உண்டு.

முடிவு பல விதம். ஆணைக்கு இடையிலேயே கீழ்ப்படிந்துவிட்டு மன்னிப்பும் கேட்டால் பெரும்பாலும் எதிர்த்தரப்பின் செலவுத் தொகையோடு போகும். கோர்ட் சிறை என்று சொல்லிவிட்டு, "இந்தத் தேதிக்குள் காலி செய்தால் நிறைவேற்ற வேண்டாம்" என்று நிறுத்தி வைக்கலாம். அபராதம் போடலாம், நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கலாம். உள்ளே போன பிறகும் விடுவிக்கச் சொல்லி மனுப் போட வழி இருக்கிறது.

ஆணை தப்பு என்று நினைத்தாலும் அது ரத்தாகும் வரை கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். வீ சூ கியோங் எதிர் எம்பிஎஃப் ஹோல்டிங்ஸ் என்ற 1993 வழக்கின் தீர்ப்பு இதைச் சந்தேகம் இல்லாமல் சொல்லிவிட்டது. வெளியேற அவகாசம் வேண்டும் என்றால் கெடு முடிவதற்குள் மனுப் போடுங்கள்: புது வீட்டுக்கு முன்பணம் கட்டிய ரசீது, பிள்ளையின் பள்ளிக் கடிதம், மருத்துவமனைச் சீட்டு இணைத்து. கெடு முடிந்த மறுநாள் போடும் மனு, பிடிபட்ட பிறகு ஓடுகிற மாதிரிதான் தெரியும்.

---

பழைய ஜூருபஹாசா

வாசிக்க வராதவர் அஃபிடவிட் பற்றி. கோர்ட்டில் போடும் தாள் தேசிய மொழியில் இருக்க வேண்டும், அதனால் மலாயில்தான் தயாராகும். கையெழுத்துப் போடும் இடத்தில்தான் கவனம். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் அதை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் புரிந்துகொண்டதாகத் தெரிந்தது என்றும் தம் எதிரில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார் என்றும் ஆணையர் அடியில் எழுத வேண்டும். இது விடுபட்டால் எதிர்த்தரப்பு லாயர் பிடித்துக்கொள்வார், "இவருக்கு மலாயே தெரியாது, எப்படி இதைச் சொன்னார்?" என்று. தமிழ் தெரிந்த ஆணையர் கிடைத்தால் காரியம் லேசு. இல்லாவிட்டால் வாசித்துச் சொல்லும் ஆள் கூடப் போக வேண்டும், அவர் வழக்கில் பங்கு இல்லாதவராக இருப்பது நல்லது.

வாசிக்கும்போது தலையாட்டச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். தேதி, தொகை, யார் வந்து தாளைக் கொடுத்தார் என்பதில்தான் எழுதியவருக்கும் சொன்னவருக்கும் இடையில் வித்தியாசம் வெளிப்படும்.

---

கணக்குப்பிள்ளை மகள்

மூன்றாவது வகையை யாரும் தொடவில்லையே. கடன் தவணை தவறுவது அவமதிப்பு இல்லை. "துஞ்சோக் செபாப்" என்ற சொல் இரண்டு இடத்திலும் வருவதால் ஆட்கள் கலந்துகொள்கிறார்கள். தாளின் மேலே எந்தச் சட்டம் என்று பாருங்கள். 1957 கடனாளிகள் சட்டம் என்றிருந்தால் அது ஜேடிஎஸ், அதாவது தீர்ப்பான கடனுக்காகக் கடனாளியை வரவழைக்கும் சம்மன் வழி.

அதில் முதலில் கடனாளியை வரவழைத்து வருமானம், செலவு, சொத்து கேட்டு, கட்டக்கூடிய தவணை நிர்ணயிப்பார்கள். தவறினால், ஏன் உன்னைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று காரணம் காட்டச் சொல்லும் நோட்டீஸ் வரும். இங்கே மன்னிப்புப் பேச்சு பெரிதாக வேலை செய்யாது. கணக்குதான் வேலை செய்யும். கட்ட வசதி இருந்தும் கட்டவில்லையா, வசதியே இல்லையா என்பதுதான் கேள்வி. எனவே கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகம், வாடகை, மின்சாரக் கட்டணம், நோய் விடுப்புச் சீட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். செம்பனைக் குலை குறைந்த மாதத்தில் வருமானம் எவ்வளவு இறங்கியது என்று சம்பளச் சீட்டே காட்டும். தவணையைக் குறைக்கக் கோரலாம். 200 முடியாது, 80 முடியும் என்றால் 80 என்று சொல்லுங்கள். கௌரவத்துக்காக 150க்கு ஒத்துக்கொண்டு அடுத்த மாதம் மறுபடி தவறுவதுதான் நிறைய நடக்கிறது.

வராமல் இருந்தால் வாரண்ட். போலீசோ பெய்லிஃபோ வீட்டு வாசலில் நிற்பது கடனால் இல்லை, கூப்பிட்ட நாளில் போகாததால். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் அப்படியே இருக்கும்.

ஜீவனாம்சம் தவறுவதும் தனி. 1950 திருமணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டப்படி ஆணை இருந்து கட்டாமல் விட்டால், பாக்கியான ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். ஆறு மாதப் பாக்கி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட்டின் மூன்று வார வரம்பு இங்கே காப்பாற்றாது. வேலை போனதும் உடனே ஆணையை மாற்றக் கேட்பவர் தப்பிப்பார். கையில் ரொக்கமாகக் கொடுத்தேன் என்பவர், ரசீது இல்லாமல், மாட்டிக்கொள்வார். பேங்க் மூலமாகவே கட்டச் சொல்லுங்கள், குறிப்பு இடத்தில் மாதத்தின் பெயரை எழுதி.

---

ஆத்தோரம்

இவ்வளவு நீட்டி எழுதுகிறீர்களே. எது வந்தாலும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்தது இல்லையா? எதற்கு லாயர், தேதி எல்லாம்?

---

வக்கீல் வீட்டுத் திண்ணை

அண்ணே, கோர்ட்டுக்குள் கத்தினவருக்கு அது சரி. ஆணையை மீறியதாகச் சொல்லப்படுபவர் மன்னிப்புக் கேட்டால் மீறியதை ஒத்துக்கொண்டதாகிறது. பீனல் நோட்டீசே இல்லாத தாளுக்கு, கெடு முடிந்து கையில் வந்த தாளுக்கு, முதல் நாளே போய்த் "தப்புதான் துவான்" என்று சொன்னால், நல்ல வாதம் இருந்தும் தாமே கையை விட்டதாக ஆகும். கீழ்ப்படிய வேண்டியதைச் செய்துகொண்டே, "மீறியதாக ஒத்துக்கொள்ளவில்லை, லாயர் பார்த்துப் பதில் போட அவகாசம் வேண்டும்" என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை.

மன்னிப்புக் கேட்காமல் போராடி ஜெயித்ததும் உண்டு. 1998 நவம்பரில் அன்வார் இப்ராஹிம் வழக்கில் ஆஜரான வழக்கறிஞர் சைனூர் சக்காரியாவுக்கு, தாம் தாக்கல் செய்த மனுவுக்காக மன்னிப்புக் கேட்க மறுத்ததால் 3 மாதச் சிறை விதித்தார்கள். 2001இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட காலம் எவ்வளவு என்று பாருங்கள். எல்லோருக்கும் அந்தத் தெம்பும் பணமும் இருக்காது.

டிக்டாக், ஃபேஸ்புக் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கோர்ட்டுக்குள் எடுத்த படத்தை ஏற்றிவிட்டால் அது வரம்பு குறைந்த உள்ளூர் விவகாரமாக நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். நீதிபதி காசு வாங்கினார் என்கிற மாதிரிப் பதிவு உயர் நீதிமன்றம் வரை போகலாம், அங்கே உச்ச வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரி 19இல் மலேசியாகினி என்ற இணையச் செய்தி நிறுவனத்துக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது, வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காக. வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகியாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். பதிவை எல்லாரும் பார்க்கும் இடத்திலிருந்து உடனே இறக்குங்கள், ஆனால் என்ன போட்டோம், எப்போது இறக்கினோம் என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். மூலப் படத்தைப் பற்றி மேலே ஐயா சொன்னதுதான்.

---

செம்பனைக்காடு

புரிகிறது. கடைசியாக, தண்டனை சொல்லிவிட்டார்கள், ஆள் லாக்கப்புக்குப் போகிறார் என்றால் அந்த நேரத்தில் வெளியே நிற்கும் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

---

கணக்குப்பிள்ளை மகள்

அபராதம் என்றால் கோர்ட் கவுண்டரில் அன்றைக்கே கட்டி ரசீது வாங்குங்கள். கீழமை கோர்ட் அவமதிப்புக்கு 300 வெள்ளிக்கு மேல் போகாது என்பதால் அந்த அளவு ரொக்கம் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. வங்கி இயந்திரம் தேடிப் போய்த் திரும்புவதற்குள் கவுண்டர் மூடிவிடும்.

---

வக்கீல் வீட்டுத் திண்ணை

சிறை என்றால், தண்டனை சொன்ன நிமிடமே, நீதிபதி எழுந்து போவதற்கு முன், நிறைவேற்றத்தை நிறுத்தி வைக்கக் கேட்க வேண்டும். மேல்முறையீடு செய்யப்போகிறோம், அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று வாய்மொழியாகக் கேட்டால் போதும், தாள் பிறகு வரும். மேல்முறையீடு போட்டதாலேயே தண்டனை தானாக நின்றுவிடாது. நோட்டீஸ் போட 14 நாள், தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில் போட வேண்டும். மேல்முறையீடு ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போகும். பதில் சொல்ல வாய்ப்பே தராமல் தண்டித்தார்கள், என்ன குற்றம் என்றே சொல்லவில்லை என்பன போன்ற குறை இருந்தால் மறுசீராய்வும் கேட்கலாம். மூன்று வாரச் சிறைக்கு 14 நாளும் காத்திருந்து பதினான்காம் நாள் போய் நின்றால் பாதிக்கு மேல் உள்ளேயே கழிந்திருக்கும். மறுநாள் காலையிலேயே போக வேண்டும்.

லாயர் உதவிக்கு: ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும், ஜபாத்தான் பந்துவான் குவாமானும் (அரசாங்கச் சட்ட உதவித் துறை) இருக்கின்றன. வருமானச் சோதனை உண்டு, சம்பளச் சீட்டும் ஐ.சி.யும் (அடையாள அட்டை) எடுத்துப் போக வேண்டும். ஒய்பிஜிகே என்ற தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை கிரிமினல் வழக்கில் கைதானவர்களுக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கும் உதவுவது. தோட்ட நிர்வாகம் போட்ட ஆர்டர் 52 மனுவுக்கு அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

---

பழைய ஜூருபஹாசா

தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. கூட்டிப் போகிறவருக்கு, சாட்சி சொல்லும்போதோ மன்னிப்புக் கேட்கும்போதோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று காலையிலேயே, பெயர் கூப்பிடுவதற்கு முன், கோர்ட் ஊழியரிடம் சொல்லி வையுங்கள். ஒரே மொழிபெயர்ப்பாளர் இரண்டு மூன்று கோர்ட்டுக்கு ஓடுகிற நாள் உண்டு. அவர் வரும் வரை கேஸைத் தள்ளி வைத்துக் கூப்பிடுவார்கள். சொல்லாமல் இருந்துவிட்டு, புரியாத மலாய்க்கு "யா துவான், யா துவான்" என்று தலையாட்டினால், அந்த "யா" பதிவாகிவிடும்.